பயம் போன பிறகு வந்தது

வார்டு காலியான பிறகுதான் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. கொரோனா ஐசியூவில் இருந்த கடைசி நோயாளி வீட்டுக்குப் போய், தற்காலிகத் தடுப்புகளைக் கழற்றி, சுவர்களுக்கு வெள்ளை அடித்து முடித்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு பகல் டியூட்டியில் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போனபோது, வெளியே ஏதோ வண்டி பின்னால் வரும் பீப் சத்தம் கேட்டது. வென்டிலேட்டர் அலாரம் மாதிரியே இருந்தது. கால் நகரவில்லை. கை விரல்கள் குளிர்ந்துபோய், மூச்சை எங்கே இழுப்பது என்றே தெரியாமல் நின்றேன். பக்கத்தில் இருந்த பெண் தோளைத் தொட்ட பிறகுதான் எந்த வார்டில் நிற்கிறேன் என்பது புரிந்தது.

நான் ஒரு ஐசியூ செவிலி. அந்த நாட்களில் மருத்துவமனைக்குள் இருந்தவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும், இனி ஒரு நாள் அப்படி ஒரு வார்டுக்குள் நுழையப்போகிறவர்களுக்கும் இது பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று சொன்னபோது எங்களிடம் முகக்கவசம் கூட எண்ணிக் கொடுக்கும் நிலை. வீட்டில் ஆறு வயது மகன். டியூட்டி முடிந்து போனால் தனி அறை. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கையை வைப்பான், இந்தப் பக்கம் நான் வைப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து என் விரலிலேயே ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்ப்பேன்.

ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து இருந்தது. முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் என்95, அதன் ஓரத்தில் காற்று கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும் பழக்கம், பிபிஇ என்ற பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது எதிரே நின்று "கையைச் சுத்தம் பண்ணு, இப்போது கண்ணாடி, இப்போது கவுன்" என்று சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆள், பிறகு தடுப்பூசி. இவை ஒவ்வொன்றும் வர வரப் பயம் ஒரு படி இறங்கியது. பயந்திருக்கும் ஊழியரிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்வதில் பயனில்லை. நல்ல கவசமும் தெளிவான தகவலும் கொடுத்தால் தைரியம் தானாக வரும்.

என்னை உடைத்தது வேறு. அது 2021ல் ஒரு ராத்திரியில் நடந்தது.

சாதாரண நாட்களில் வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கோ இருவருக்கோ ஒரு செவிலி. அன்று எட்டுப் பேருக்கு நாங்கள் இருவர். ஏழாம் படுக்கையில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர். வென்டிலேட்டர் இல்லை, முகத்தை இறுக்கும் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு ஆக்சிஜன். அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டிருப்பது ஓடும் வண்டியின் ஜன்னலில் முகத்தை நீட்டி வைத்திருப்பது போல என்று நோயாளிகள் சொல்வார்கள். அவர் நான் உள்ளே வந்ததிலிருந்து என் கவுனைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் உட்காரும்மா" என்று கேட்டபடி இருந்தார். "இதோ வருகிறேன்" என்று நான்கு முறை சொல்லியிருப்பேன்.

ஆறு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு, தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். எல்லாவற்றையும் கழற்றிக் கை கழுவி, பாட்டிலை வாயில் வைத்த நேரம், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஏழாம் படுக்கையின் மானிட்டர் சிவப்பாக மாறியது. மாஸ்க்கை இழுத்துக் கழற்றியிருக்கிறார். உள்ளே இருந்த இன்னொரு செவிலி நான்காம் படுக்கையில் டாக்டரோடு சேர்ந்து ஒருவருக்குச் சுவாசக் குழாய் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கையை எடுத்தால் அந்த உயிர் போய்விடும்.

கவசம் இல்லாமல் உள்ளே ஓடக்கூடாது. அது விதி, சரியான விதியும்கூட. அதனால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கவுன் மாட்டினேன். மானிட்டரில் அவர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 88. முதல் ஜோடிக் கையுறை. 79. என்95, கசிவுச் சோதனை. 66. கண்ணாடி, இரண்டாம் கையுறை. பிறகு எண்ணே காட்டவில்லை. நான் உள்ளே போய்ச் சேர்ந்தபோது அவர் கண்கள் திறந்திருந்தன. அரை மணி நேரம் சிபிஆர் செய்தோம். திரும்பவில்லை.

விடிந்ததும் டாக்டர் அவர் மகளுக்குத் தகவல் சொன்னார். அந்தப் பெண் என்னோடு பேச வேண்டும் என்றாள். "அப்பா கடைசியில் ஏதாவது கேட்டாரா?" என்றாள். "தூக்கத்திலேயே போய்விட்டார்" என்றேன்.

அன்றிலிருந்து டியூட்டியில் என்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். இதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளும் டியூட்டிக்குப் போனேன், அதற்கடுத்த நாளும். வேலையில் ஒரு குறையும் இல்லை. அலை ஓயும்வரை நன்றாகத்தான் நடமாடினேன். பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. தூங்கும் மகனின் மூச்சை எண்ணுவேன். போன் மணி அடித்தால் வேறு அறைக்குப் போய்விடுவேன். நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உடலைச் சுற்றியிருந்த துணியின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினேன்.

அலையின் நடுவே தாக்குப்பிடித்துவிட்டு, ஓய்ந்த பிறகு விழுவது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 2003ல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது கனடாவின் டொரன்டோவில் அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவமனைகளின் ஊழியர்களை, நோய் ஓய்ந்து ஓரிரு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பக்கத்து நகரமான ஹாமில்டனில் சார்ஸ் நோயாளிகளைப் பார்க்காத மருத்துவமனைகளின் ஊழியர்களை விட இவர்களிடம் வேலையால் வரும் சோர்வும் மன உளைச்சலும் கூடுதலாக இருந்தன. நோயாளிகளோடு இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்களும் இவர்களில் அதிகம். போதிய பயிற்சியும் பாதுகாப்பும் மனத்துணையும் தங்களுக்குக் கிடைத்ததாக உணர்ந்தவர்களிடம் இந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் முக்கியம். ஓரிரு ஆண்டு கழித்து ஒரு ஊழியர் எப்படி இருப்பார் என்பதில், நோய் உச்சத்தில் இருக்கும்போது அவரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கும் பங்கு உண்டு.

எனக்கு வந்தது வெறும் களைப்பு என்று நினைத்துப் பத்து நாள் லீவு போட்டேன். எல்லாரும் பர்ன்அவுட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அது ஒரு நோயாக இல்லை, வேலையால் வரும் நிலையாகத்தான் இருக்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, எதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் என்று மூன்றைச் சொல்கிறார்கள். மூன்றும் எனக்கு இருந்தன. ஆனால் லீவில் நிலைமை மோசமாகத்தான் ஆனது. கையில் வேலை இல்லாததால் ஏழாம் படுக்கை நாள் முழுக்கக் கூடவே இருந்தது. களைப்பை ஓய்வு ஆற்றும், குற்றவுணர்வை ஓய்வு ஆற்றாது. இது புரிய எனக்கு நான்கு மாதம் ஆனது.

இன்னது சரி என்று தெரிந்தும், வேலை செய்யும் இடத்தின் நிலைமை அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது மனசுக்குள் நடப்பதற்கு ஒரு பெயர் உண்டு. 1984லேயே ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க அறவியல் ஆசிரியர் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது இதை அறத் துயரம் என்ற பொருளில் குறித்தார். பிறகு வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, அற உணர்வில் விழும் காயம் என்று ஒன்றைப் பற்றி எழுதினார். இவற்றை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. என் காயத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கிறது.

எங்கள் நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. ஆனால் செய்த விதம் தவறு. ஒரு நாள் டியூட்டி முடிந்த அறுபது பேரைக் கூடத்தில் உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொருவரும் தங்களைப் பாதித்த சம்பவத்தை எழுந்து சொல்ல வேண்டும் என்றார். மேலதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவள் நடுங்க ஆரம்பித்தாள். நான் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். நடந்ததை ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டி வெகுகாலம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2011ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் சொல்வது வேறு: பார், கேள், இணை. அவருக்கு இப்போது என்ன தேவை என்று பார்க்க வேண்டும். பேச விரும்பினால் கேட்க வேண்டும், பேசச் சொல்லி நெருக்கக்கூடாது. உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிட வேண்டும்.

எனக்கு அதைச் செய்தது எங்கள் வார்டின் மூத்த செவிலி. அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் லாக்கர் அறையில் என்னைப் பார்த்தார். நல்லா இருக்கியா என்று கேட்டிருந்தால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன், நூறு பேரிடம் சொன்னது போல. அவர் கேட்டது, "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?"

"ரெண்டு."

"அதுக்கு முந்தின நாள்?"

யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் பாட்டில் உட்பட. "உன் தப்பு ஒண்ணும் இல்லை" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, "மணி சொல்லு" என்றார். நீ எத்தனை மணிக்கு உள்ளே போனே? ஒன்பது. எப்போ வெளியே வந்தே? மூன்று ஆகப்போகும்போது. அலாரம் எப்போ? மூன்று நாலு. கவுன் போட எவ்வளவு ஆச்சு? நாலு நிமிஷம். உள்ளே எத்தனை நோயாளி? எட்டு. எத்தனை பேர் நீங்க? இரண்டு. எத்தனை பேர் இருந்திருக்கணும்? கணக்குப் போட்டேன். குறைந்தது நான்கு.

காகிதத்தை என்னிடம் கொடுத்தார். "இதுல நீ தண்ணி குடிச்சது எங்கே இருக்கு, இல்லாத ரெண்டு பேர் எங்கே இருக்காங்க, பாரு" என்றார்.

அந்தக் காகிதம் இன்னும் என் லாக்கரில் இருக்கிறது. அன்றைக்கே குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் தலைக்குள் ஒரே உருண்டையாக இருந்தது நிமிடம் நிமிடமாகப் பிரிந்தது. சக ஊழியர் ஒருவர் இப்படி ஒரு சம்பவத்தைச் சொன்னால், அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதீர்கள் என்று அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆறுதல் அவர் பேச்சை மூடிவிடும். என்ன நடந்தது என்று வரிசையாகக் கேளுங்கள். அவருடைய பங்கு எது, இடத்தின் பங்கு எது என்று அவரே பார்க்கட்டும். உண்மையிலேயே அவர் ஒரு தவறு செய்திருந்தாலும் இதே வழிதான். அந்தத் தவறு அதன் அளவில் தெரியும், உலகமே தன்னால் அழிந்தது போலத் தெரியாது.

அக்காதான் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொடுத்து, கூடவும் வந்தார். முதல் நாள் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஆர்வம், கவனம் எப்படி என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும். எனக்கு 16 வந்தது. ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிட இறந்துபோவது மேல் என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. "சில நாட்கள்" என்று குறித்தபோது பேனா நின்று நின்று ஓடியது. இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், மற்ற எட்டுக்கும் என்ன பதில் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லிவிடுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

போவதற்கு முன் எனக்கிருந்த பெரிய தயக்கம் வேலை. பதிவில் ஏறிவிடுமோ, ஐசியூவிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று. இந்தத் தயக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநல உதவி தேடினால் மருத்துவ உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பெயரில் 2022ல் அமெரிக்காவில் ஒரு சட்டமே வந்தது. உதவி தேடியவர் பெயர் வெளியே போகாது என்று நிர்வாகம் எழுத்தில் உறுதி கொடுக்காதவரை, எத்தனை ஆலோசகர்களை வைத்தாலும் அறை காலியாகத்தான் கிடக்கும்.

எனக்கு எட்டு மாதம் சிகிச்சை நடந்தது. கொஞ்ச காலம் மாத்திரையும் சாப்பிட்டேன். ஏழாம் படுக்கையை வாரம் ஒருமுறை திரும்பத் திரும்ப, இந்த முறை ஒருவர் கூட இருக்க, சொல்லிச் சொல்லிப் பழகினேன். அதை இங்கே விரிக்கப்போவதில்லை. ஒவ்வொருவருக்கும் வழி வேறுபடும்.

திரும்பி வந்த பிறகு எங்கள் வார்டில் சிலவற்றை மாற்றினோம். எதற்கும் பெரிய செலவு இல்லை. முதலாவது ஜோடி. ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடித்தாயா, கழிப்பறைக்குப் போனாயா, வீட்டுக்கு எப்படிப் போகிறாய் என்ற மூன்று கேள்விகள்தான். 2020ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ராணுவ வீரர்களின் ஜோடி முறையைத் தழுவி இதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள் என்று படித்தபோது, நமக்கும் ஆகும் என்று தோன்றியது. ஜோடி ஒரே அனுபவ நிலையில் இருக்க வேண்டும். இன்சார்ஜோடு புதியவரைச் சேர்த்தால் புதியவர் வாய் திறக்க மாட்டார்.

இரண்டாவது, தூக்கம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல ஆகிவிடும். நைட் முடிந்து வண்டி ஓட்டிப் போவதை நாங்கள் நிறுத்தினோம். ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து போக ஏற்பாடு செய்தோம். ஷிஃப்ட் மாற்றம் காலை, மாலை, இரவு என்ற வரிசையில்தான், தலைகீழாக இல்லை. இரண்டு ஷிஃப்டுக்கு இடையில் 11 மணி நேரம் கட்டாயம். அப்புறம், நடுராத்திரியில் 20 நிமிடம் படுக்க ஒரு நாற்காலி. அந்த நாற்காலிக்காக நான் மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவது, மரணத்துக்குப் பிறகு ஒரு நிமிடம். முன்பெல்லாம் ஒருவர் இறந்த அரை மணியில் படுக்கையைத் துடைத்து அடுத்தவரை ஏற்றுவோம். இப்போது யாராவது ஒருவர், "இவர் இன்னாருக்கு அப்பா, இவருக்காக எல்லாரும் முடிந்ததைச் செய்தோம், ஒரு நிமிடம் நிற்போம்" என்று சொல்கிறார். எல்லாரும் கையைக் கட்டி நிற்கிறோம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் தொடங்கிய பழக்கம் இது.

முதல் முறை அப்படி நின்றபோதுதான் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். வாசலில் ஹவுஸ்கீப்பிங் அண்ணன் துடைப்பத்தோடு நின்றிருந்தார், உள்ளே வரலாமா கூடாதா என்ற தயக்கத்தோடு. பெருந்தொற்றின்போது எங்கள் வார்டில் இறந்த அத்தனை பேரையும் பையில் வைத்து ஜிப் இழுத்து மூடியது அவர். கூடத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. ஆலோசகரின் எண் எழுதிய தாள் அவர் போகாத அறையில் ஒட்டியிருந்தது. பிணவறை ஊழியர், ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றியவர், வாசலில் உறவினர்களின் கோபத்தை வாங்கிய காவலர், லேப் டெக்னீஷியன் யாரையும் யாரும் கேட்கவில்லை. "அண்ணே, நீங்க தூங்குறீங்களா?" என்று அன்று கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஜிப் சத்தம்தான்மா" என்றார். மகனின் பள்ளிப் பையை அவரால் திறக்க முடியவில்லையாம். ஒரு வருடமாக.

அவரையும் அதே மருத்துவரிடம் அழைத்துப்போனோம். போவதற்கு அரை நாள் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று ஒப்பந்தக்காரரிடம் சண்டை போட வேண்டியிருந்தது, போட்டோம். ஊழியர் நலன் என்று யார் திட்டம் போட்டாலும் முதலில் பிணவறையில் தொடங்குங்கள் என்று சொல்வேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. டியூட்டி முடிந்து வருபவரிடம் இன்று என்ன நடந்தது என்று வாசலிலேயே கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அரை மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை என்று ஒரு ஒப்பந்தம். குளித்து, உடை மாற்றி, நானாக வந்து உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. அழுதால் அழவிடுவார்கள். அந்த மகளிடம் சொன்ன பொய்யைப் பற்றி மட்டும் இன்னும் வீட்டில் பேச முடியவில்லை. சில நாள் அது சரி என்று படுகிறது, சில நாள் இல்லை.

போன மாதம் நைட் முடிந்து லாக்கர் அறைக்குப் போனபோது, வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரமே ஆன ஒரு பெண் ஒரு காலில் ஷூவோடும் ஒரு காலில் இல்லாமலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி அவள் நோயாளி இறந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை.

"நான் கொஞ்சம் முன்னாடி போயிருக்கணும்க்கா" என்றாள்.

என் லாக்கரைத் திறந்து ஒரு காகிதமும் பேனாவும் எடுத்தேன்.

"எத்தனை மணிக்கு உள்ளே போனே?"